பாகவதரை ஜெயிலுக்கு அனுப்பிய சினிமா பத்திரிகை
வேப்பேரியில் குத்து! லண்டன் வரை போன கேஸ்!!

சென்னை வேப்பேரியில் இப்போது போலீஸ் கமிஷனர் ஆபீஸ் இருக்கிறது. அந்த ஆபீஸ் அங்கே வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பு, 1944-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி, அதே வேப்பேரி வட்டாரத்தில் ஒரு பத்திரிகைக்காரரை நடுரோட்டில் வழிமறித்துக் குத்தினார்கள்.

குத்துப்பட்டவர் பெயர் சி.என்.லட்சுமிகாந்தன்.

ரத்தம் ஒழுக ஒழுக, தெரிந்த வக்கீல் வீட்டுக்குப் போனார். அங்கிருந்து ரிக்ஷாவில் ஜெனரல் ஆஸ்பத்திரி. மறுநாள் காலையில் ஆள் காலி.

யார் இந்த லட்சுமிகாந்தன்?

பழைய கேசில் மாட்டியவர். போலிப் பத்திர வழக்கில் உள்ளே போய் வந்தவர். 1943-ல் "சினிமா தூது" என்று ஒரு பத்திரிகை ஆரம்பித்தார்.

சினிமா பத்திரிகை என்றால் படம் தேறுமா, பாட்டு எப்படி, நடிப்பு எப்படி என்று நாலு வரி எழுதுவார்கள். இவருடைய சரக்கே வேறு. நட்சத்திரங்களின் வீட்டு விவகாரம், படுக்கை அறை வரைக்கும் வந்தது. பத்திரிகை பறந்தது. "சீ, என்னய்யா இது" என்றவர்களும் காசு கொடுத்துத்தான் வாங்கியிருப்பார்கள். இல்லாவிட்டால் அவ்வளவு விற்குமா?

விற்ற காசை விட, எழுதாமல் இருக்க வாங்கிய காசுதான் அதிகம் என்று அப்போதே பேச்சு.

கவர்னரிடம் மனு

நட்சத்திரங்கள் பொறுத்துப் பார்த்தார்கள். கடைசியில் எம்.கே.தியாகராஜ பாகவதர், கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், கோவை பட அதிபர் ஸ்ரீராமுலு நாயுடு மூவரும் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனு கொடுத்தார்கள். அது யுத்த காலம். பத்திரிகை நடத்த லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் ரத்தானது.

ஆசாமி விடுவாரா? போலி ஆவணங்களை வைத்துக் கொஞ்ச நாள் ஓட்டினார். அதுவும் முடியாமல் போனதும் "இந்து நேசன்" என்ற பத்திரிகையைக் கையில் எடுத்தார். பெயர்தான் புதுசு, சரக்கு பழசு. சினிமாக்காரர்களோடு ஊர்ப் பெரிய மனிதர்களும் சிக்கினார்கள். பகையும் பெருகியது.

கத்திக்குத்து நடந்த மறு மாதமே பாகவதர், கலைவாணர், நாயுடு மூவரும் கைது. கொலைக்குச் சதி செய்ததாகக் குற்றச்சாட்டு. ஊரே அதிர்ந்தது. பாகவதர் கிராப் வைக்காத வாலிபன் இல்லை என்ற காலம் அது! அவருடைய "ஹரிதாஸ்" படம் அந்த ஆண்டு தீபாவளிக்குத்தான் பிராட்வே தியேட்டரில் வந்திருந்தது.

நாயுடு விடுதலை ஆனார். மற்ற இருவரும் குற்றவாளிகள் என்று ஜூரிகள் சொன்னார்கள். 1945 மே மாதம் ஐகோர்ட்டில் ஆயுள் தண்டனை. அப்பீலும் தள்ளுபடி.

கேஸ் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. ஜூரி சொன்ன பிறகு எங்களால் என்ன செய்ய முடியும் என்று சென்னை ஐகோர்ட் கை கட்டி நின்றது தவறு, அப்பீலைத் திரும்ப விசாரியுங்கள் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். மறுபடியும் சென்னை. வாதாடியவர் வி.எல்.எத்திராஜ். எழும்பூரில் அவர் பெயரில் உள்ள பெண்கள் காலேஜைத் தெரியாதவர் யார்? 1947 ஏப்ரலில் இரண்டு பேருமே குற்றமற்றவர்கள் என்று தீர்ப்பு வந்தது.

அதற்குள் ஜெயிலில் இரண்டு வருஷத்துக்கு மேல் போய்விட்டது. வேடிக்கை என்னவென்றால், கதாநாயகன் கம்பிக்குப் பின்னால் இருக்க, "ஹரிதாஸ்" பிராட்வேயில் மூன்று தீபாவளி கண்டது.

வெளியே வந்த கலைவாணர் மறுபடி சிரிக்க வைத்தார். "நல்லதம்பி", "மணமகள்" எல்லாம் அதற்குப் பிறகு வந்தவைதான். பாகவதருக்குப் பழைய மவுசு திரும்பவே இல்லை. "ராஜமுக்தி" முதல் எடுத்தும் ஓடவில்லை. சேர்த்த சொத்தில் பெரும் பகுதி கேசுக்கே கரைந்தது என்பார்கள். கலைவாணர் 1957-லும் பாகவதர் 1959-லும் காலமானார்கள். இரண்டு பேருமே ஐம்பது வயதைப் பார்க்கவில்லை.

இந்தக் கேசைப் பற்றிப் புத்தகங்கள் வந்தாயிற்று. பழைய ஆட்கள் ஆளுக்கொரு கதை சொல்லி வந்தார்கள். இன்னார்தான் என்று காதோடு காதாகப் பெயர் சொன்னவர்களும் உண்டு. கோர்ட்டில் நிற்காத பெயரை இங்கே எழுதினால், எனக்கும் அந்த "தூது"க்காரருக்கும் என்ன வித்தியாசம்?

லட்சுமிகாந்தனைக் குத்தச் சொல்லி ஏவியது யார் என்ற கேள்விக்கு மட்டும் இன்று வரை விடை வரவில்லை.