மேனுவல் கியர் என்றால் ரிப்பேரே வராதா? பெர்ஃபார்மன்ஸ் கார்களில் கிளட்ச் பெடலின் லாப நஷ்டக் கணக்கு

2013-ம் ஆண்டு போர்ஷே நிறுவனம் புதிய 911 ஜிடி3 காரை அறிமுகப்படுத்தியபோது, அதன் ரசிகர்கள் முதலில் கவனித்தது இன்ஜினை இல்லை, டிரைவரின் கால்மாட்டை. அங்கே கிளட்ச் பெடல் இல்லை. ‘பிடிகே’ எனப்படும் டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டும்தான் என்று நிறுவனம் சொல்லிவிட்டது. அதுதான் வேகம் என்பது அதன் வாதம்.

மூன்றே ஆண்டுகளில் கதை மாறியது. 2016-ல் ஆறு கியர் மேனுவலுடன் ‘911 ஆர்’ என்ற காரை வெறும் 991 மட்டும் தயாரித்தது போர்ஷே. அவை கைமாறியபோது, ஷோரூம் விலையைப் போலப் பல மடங்கு கேட்கப்பட்டது. 2017-ல் வந்த ஜிடி3-யில் மேனுவல் கியர் திரும்பி வந்தது.

இத்தனைக்கும் அந்த 2017 மாடலில், நிறுவனம் தரும் கணக்குப்படியே மேனுவல்தான் மெதுவானது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தைத் தொட பிடிகே காருக்கு 3.4 விநாடி போதும். மேனுவலுக்கு 3.9 விநாடி ஆகும். அரை விநாடியை விட்டுக்கொடுத்துவிட்டு ஏன் மேனுவலை வாங்குகிறார்கள்? ‘ஓட்டுற சுகமே தனி’ என்பது ஒரு பதில். அதோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்னொரு பதில், ‘மேனுவல்னா ரிப்பேர் வராது, காலத்துக்கும் ஓடும்’ என்பது.

இரண்டாவது பதில் எந்த அளவுக்கு உண்மை?

அரை விநாடி எங்கே போகிறது?

மேனுவல் காரில் கியர் மாற்ற வேண்டுமென்றால் கிளட்ச்சை மிதிக்க வேண்டும். அந்தக் கணத்தில் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் இடையிலான தொடர்பு அறுந்துவிடும். கியரைப் போட்டு, கிளட்ச்சை விட்ட பிறகுதான் மறுபடி சக்தி சக்கரத்துக்குப் போகும். எவ்வளவு திறமையான டிரைவராக இருந்தாலும் இந்த இடைவெளியைத் தவிர்க்க முடியாது.

டூயல் கிளட்ச் கியர்பாக்ஸில் பெயருக்கேற்றபடி இரண்டு கிளட்ச்கள் இருக்கின்றன. ஒன்று 1, 3, 5 போன்ற ஒற்றைப்படை கியர்களுக்கு. மற்றொன்று 2, 4, 6 போன்ற இரட்டைப்படை கியர்களுக்கு. கார் இரண்டாவது கியரில் ஓடும்போதே மூன்றாவது கியர் தயாராகக் காத்திருக்கும். ஒரு கிளட்ச் விடும்போதே இன்னொன்று பிடித்துக்கொள்ளும் என்பதால், சக்தி கிட்டத்தட்ட அறுபடாமல் போய்க்கொண்டே இருக்கும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது கிளட்ச்சை எவ்வளவு விடுவது என்பதையும் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. அந்த அரை விநாடி இப்படித்தான் மிச்சமாகிறது.

இதற்கு விலை எடை. அதே ஜிடி3-யில் மேனுவல் கார் 1,413 கிலோ. பிடிகே கார் 1,430 கிலோ. உச்ச வேகத்தில் மேனுவல்தான் கொஞ்சம் முன்னே நிற்கிறது: 320 கி.மீ.; பிடிகே 318 கி.மீ.

மேனுவல் ஏன் நீடித்து உழைக்கிறது?

மேனுவல் கியர்பாக்ஸுக்குள் கம்ப்யூட்டரோ, எண்ணெயை அழுத்தும் ஹைட்ராலிக் வால்வுகளோ இல்லை. ஷாஃப்ட்டுகள், பற்சக்கரங்கள், கியரைத் தள்ளும் ஃபோர்க்குகள், வேகத்தைச் சமன் செய்யும் சிங்க்ரோ ரிங்குகள், பேரிங்குகள், கொஞ்சம் கியர் ஆயில். அவ்வளவுதான். ஓர் அனுபவமுள்ள மெக்கானிக் இதை மேஜைமேல் பிரித்துப்போட்டு, தேய்ந்ததை மட்டும் மாற்றிவிட முடியும்.

முக்கியமாகத் தேய்வது கிளட்ச் பிளேட். அது தேய்வதற்கென்றே செய்யப்பட்ட பொருள், பிரேக் பேட் மாதிரி. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாக மாற்றினால் வேலை முடிந்தது.

எதிர்ப்பக்கம் அப்படி இல்லை. 2013 மார்ச்சில் சீனாவில் மட்டும் 3,84,181 கார்களை ஃபோக்ஸ்வேகன் திரும்ப அழைத்தது. காரணம், டிஎஸ்ஜி எனப்படும் டூயல் கிளட்ச் கியர்பாக்ஸில் வந்த கோளாறு. அந்த ஆண்டின் பிற்பகுதியில், ஏழு கியர் டிஎஸ்ஜியில் இருந்த செயற்கை எண்ணெயை மினரல் எண்ணெயாக மாற்றித்தரும் பணியும் நடந்தது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில், நின்று நின்று ஓடும் போக்குவரத்தில், பழைய எண்ணெயால் மின்பகுதியில் கோளாறு வரலாம் என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது.

2004-ல் வந்த பிஎம்டபிள்யூ எம்5 இன்னொரு உதாரணம். 507 குதிரைத் திறன், வி10 இன்ஜின், ஏழு கியர் ‘எஸ்எம்ஜி’. மேனுவல் கியர்பாக்ஸையே ஹைட்ராலிக் பம்ப் மூலம் கம்ப்யூட்டர் இயக்கும் ஏற்பாடு அது. உள்ளே இருக்கும் கியர்கள் நன்றாக இருந்தாலும் பம்ப் போனால் கார் நின்றுவிடும். இன்றைக்கு அந்த எம்5-ஐ பழைய காராகத் தேடுபவர்கள் பயப்படும் விஷயங்களில் அந்தப் பம்ப்பும் ஒன்று. அமெரிக்க வாடிக்கையாளர்களின் வற்புறுத்தலால் வட அமெரிக்கச் சந்தைக்கு மட்டும் ஆறு கியர் மேனுவலையும் பிஎம்டபிள்யூ கொடுத்தது.

அதற்காக எல்லா ஆட்டோமேட்டிக்கும் மோசம் என்று சொல்லிவிட முடியாது. கிளட்ச்கள் எண்ணெயில் நனைந்தே ஓடும் ‘வெட் கிளட்ச்’ வகை, வெப்பத்தை நன்றாகத் தாங்கும். ஸெட்எஃப் நிறுவனத்தின் எட்டு கியர் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக், உறுதிக்குப் பெயர் பெற்றது. டூயல் கிளட்ச்சைக் கைவிட்டு பிஎம்டபிள்யூவின் எம் கார்களே இந்த வகைக்கு மாறிவிட்டன.

உடைப்பது யார்?

மேனுவலில் பெரும்பாலும் கியர்பாக்ஸை உடைப்பது டிரைவரின் கையும் காலும்தான். ஆட்டோமேட்டிக்கில் தப்பான உத்தரவு கொடுத்தால் கம்ப்யூட்டர் மறுத்துவிடும். மேனுவலில் மறுக்க ஆளில்லை.

இதில் மிக மோசமானதற்கு அமெரிக்காவில் ‘மணி ஷிஃப்ட்’ என்று பெயர். ஒரே ஒரு கியர் மாற்றத்தில் பெரும் பணம் காலி என்பதால் அந்தப் பெயர். உதாரணமாக, ஒரு காரில் இரண்டாம் கியரின் விகிதம் 2.2, மூன்றாம் கியருடையது 1.6 என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் கியரில் இன்ஜின் 7,000 ஆர்பிஎம்மில் சுற்றுகிறது. டிரைவர் லீவரை நேராகக் கீழே இழுத்தால் நான்காம் கியர். அவசரத்தில் கை கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்தால் விழுவது இரண்டாம் கியர். கிளட்ச்சை விட்டதும் சக்கரங்கள் இன்ஜினை 9,600 ஆர்பிஎம்முக்கு மேல் சுழற்றிவிடும். ஆர்பிஎம் லிமிட்டர் பெட்ரோலை நிறுத்தும். ஆனால், இங்கே இன்ஜினைச் சுழற்றுவது பெட்ரோல் இல்லையே! வால்வு வளையலாம், பிஸ்டன் உடையலாம்.

போர்ஷே கார்களின் கம்ப்யூட்டர் இப்படி எல்லை மீறிய சுழற்சிகளைப் பல படிநிலைகளாகப் பிரித்துப் பதிவு செய்து வைக்கிறது. பழைய 911 வாங்குபவர்கள் அந்த ‘ஓவர்-ரெவ்’ அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது இதனால்தான்.

இரண்டாவது, ஆர்பிஎம்மை ஏற்றிவிட்டு கிளட்ச்சைப் படக்கென்று விடுவது. சுழன்றுகொண்டிருக்கும் ஃப்ளைவீலின் மொத்த ஆற்றலும் ஒரே அடியாகக் கியர் பற்களில் இறங்கும். பலவீனமான கிளட்ச்சாக இருந்தால் வழுக்கி, தான் தேய்ந்து, கியர்பாக்ஸைக் காப்பாற்றும். வீட்டு ஃப்யூஸ் மாதிரி. பலர் இன்ஜினின் சக்தியை ஏற்றி, கூடவே முரட்டு கிளட்ச்சையும் போட்டுவிடுகிறார்கள். ஃப்யூஸுக்குப் பதில் கம்பியைச் சொருகின கதைதான்: அடுத்த அடியில் உடைவது கியர் பல்லோ ஆக்ஸிலோ.

மூன்றாவது, ஹாஃப் கிளட்ச். மேட்டில் பிரேக்குக்குப் பதில் கிளட்ச்சாலேயே காரை நிறுத்தி வைப்பது, சிக்னலில் கிளட்ச்சில் காலை வைத்தபடியே நிற்பது. இவை பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் தின்றுவிடும்.

ரேஸ் உலகம் இந்தப் பாடத்தை எப்போதோ படித்துவிட்டது. 1989-ல் ஃபெராரியின் ‘640’ ஃபார்முலா ஒன் கார், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் பேடில் மூலம் கியர் மாற்றும் வசதியுடன் பிரேசில் பந்தயத்தில் இறங்கியது. சோதனை ஓட்டங்களில் அடிக்கடி மக்கர் செய்த அந்த கார், நைஜல் மான்செல் கையில் முதல் பந்தயத்திலேயே ஜெயித்தது. பின்னர் மற்ற அணிகளும் அந்த வழிக்கே வந்தன. வேகம் ஒரு காரணம். தப்பான கியர் விழவே விழாது என்பது இன்னொரு காரணம்.

எல்லா மேனுவலும் ஒன்றா?

இல்லை. இதற்குச் சுபாருவே சாட்சி. 2000-களின் தொடக்கத்தில் வந்த டபிள்யூஆர்எக்ஸ் காரின் ஐந்து கியர் பாக்ஸை, உரிமையாளர்கள் ‘கண்ணாடி கியர்பாக்ஸ்’ என்றே கிண்டலடித்தார்கள். ஆல் வீல் டிரைவ் என்பதால் சக்கரம் வழுக்காது. வேகமாகக் கிளம்பினால் மொத்த அடியும் கியர் பற்கள் மேல்தான் விழும். அதே நிறுவனத்தின் எஸ்டிஐ மாடலில் வந்த ஆறு கியர் பாக்ஸுக்கோ நேரெதிரான பெயர்: உடைக்கவே முடியாதது.

நிஸான் 350இஸட் காரின் ஆரம்பகால கியர்பாக்ஸில் சிங்க்ரோ தேய்ந்து, கியர் விழும்போது கறகறவென்று சத்தம் வந்தது. நிறுவனம் அதைப் பலமுறை திருத்தியது. திருத்தப்பட்ட ‘சிடி009’ பதிப்பை இன்று வேறு நிறுவன இன்ஜின்களோடு சேர்த்துப் பொருத்துகிறார்கள். ஆக, ‘மேனுவலா?’ என்று கேட்டால் மட்டும் போதாது. எந்த ஆண்டு, எந்தப் பதிப்பு என்றும் கேட்க வேண்டும்.

டார்க் போடும் எல்லைக்கோடு

பிஎம்டபிள்யூ எம்3-யின் இப்போதைய தலைமுறையைப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரியும். மேனுவல் எம்3-க்கு 480 குதிரைத் திறன், 550 நியூட்டன் மீட்டர் டார்க். ஆட்டோமேட்டிக்கில் வரும் ‘காம்பெடிஷன்’ மாடலுக்கு அறிமுகத்தின்போது 510 குதிரைத் திறன், 650 நியூட்டன் மீட்டர். இன்ஜின் ஒன்றுதான், மேனுவலுக்கு மட்டும் டார்க் 100 குறைவு.

காரணம் எளிது. டார்க் கூடக் கூட, கிளட்ச் பிளேட்டை இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். இறுக்கம் கூடினால் பெடல் கனமாகும். பற்களும் ஷாஃப்ட்டும் தடிமனானால் சிங்க்ரோ அதிக எடையைச் சமாளிக்க வேண்டும். லீவர் முரண்டு பிடிக்கும். தினமும் ஆபீஸ் போகிறவரின் கால் தாங்க வேண்டாமா?

முடியவே முடியாது என்பதல்ல இது. 2022-ல் வந்த பகானி உடோபியா, 1,100 நியூட்டன் மீட்டரை ஏழு கியர் மேனுவல் மூலம் சக்கரத்துக்கு அனுப்புகிறது. ஆனால், அதன் விலை கோடிகளில். சில ஆயிரம் பேர் மட்டுமே வாங்கும் மேனுவல் மாடலுக்காகப் புதிய கியர்பாக்ஸை வடிவமைக்க பெரிய நிறுவனங்கள் தயாராக இல்லை. அதனால் கையில் இருக்கும் கியர்பாக்ஸ் தாங்கும் அளவுக்கு இன்ஜினை அடக்கி வைக்கிறார்கள்.

பழைய மேனுவல் பெர்ஃபார்மன்ஸ் கார் வாங்குகிறீர்களா?

* இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஓட்டிப் பாருங்கள். இரண்டாம், மூன்றாம் கியர் போடும்போது கறகற சத்தம் வந்தால் சிங்க்ரோ தேய்ந்திருக்கலாம்.
* காலியான சாலையில், உயர் கியரில், குறைந்த வேகத்தில் இருந்து ஆக்சிலரேட்டரை முழுசாக மிதியுங்கள். ஆர்பிஎம் எகிறி, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது.
* ஆக்சிலரேட்டரை மிதித்து விடும்போது லீவர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளினால், அந்த காரை விட்டுவிடுவது நல்லது.
* கியர் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். பலரும் இன்ஜின் ஆயிலோடு மறந்துவிடுவது இதைத்தான்.
* ‘ரீமேப்’ செய்து இன்ஜின் சக்தியைக் கூட்டியிருக்கிறார்களா? அப்படியென்றால் கியர்பாக்ஸ் அதன் எல்லையைத் தாண்டி வேலை பார்த்திருக்கலாம்.
* ஓவர்-ரெவ் பதிவு எடுக்கக்கூடிய கார் என்றால், அதைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

அப்படியென்றால் எதைத் தேர்ந்தெடுப்பது?

லேப் டைம்தான் முக்கியம், அல்லது தினமும் நெரிசலில் ஓட்ட வேண்டும் என்பவர்களுக்கு நல்ல ஆட்டோமேட்டிக்கே சரி. வாரன்ட்டி முடிந்த பிறகும் பத்து, பதினைந்து ஆண்டுகள் காரை வைத்திருக்க நினைப்பவர்களுக்கும், ஓட்டும் பழக்கத்தில் நிதானம் உள்ளவர்களுக்கும் மேனுவலின் கணக்கு ஒத்துவரும். தேய்வது என்ன, அதற்கு எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே தெரியும். ஆட்டோமேட்டிக்கில் பல ஆண்டுகள் எதுவுமே ஆகாமல் இருந்து, ஒருநாள் மொத்தமாகப் பெரிய பில் வரலாம்.

தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே சுருங்கி வருகிறது என்பதுதான் இப்போதைய நிலவரம். 2020 மாடலிலிருந்து ஷெவர்லே கார்வெட்டில் மேனுவல் கிடையாது. ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐயும் கிளட்ச் பெடலைக் கைவிட்டுவிட்டது. இன்னொரு பக்கம், ஆட்டோமேட்டிக்கில் மட்டும் வந்த டொயோட்டா சுப்ராவில், ரசிகர்கள் கேட்டதால் 2022-ல் மேனுவல் சேர்ந்தது. ஹோண்டா சிவிக் டைப் ஆர் மேனுவலில் மட்டுமே வருகிறது.

இனி மேனுவல் வேண்டும் என்பவர்களுக்கு, பழைய கார் சந்தைதான் பெரிய கடையாக இருக்கும். அங்கே லீவரும் பெடலும் இருக்கின்றனவா என்று பார்ப்பதைவிட, இதற்கு முன்பு அவற்றைப் பிடித்த கையும் மிதித்த காலும் எப்படிப்பட்டவை என்று விசாரிப்பதுதான் முதல் வேலை.