அகலத்தை வாங்காதீர்கள், எடையை வாங்குங்கள்

மண்ணும் கருவியும் – 11
மினி டிராக்டருக்கு பாக்ஸ் பிளேடு

சென்ற வாரம் ரோட்டவேட்டரைப் பார்த்தோம். அது மண்ணைப் பொடியாக்கும். ஆனால் இருந்த இடத்திலேயே விட்டுவிடும். மேட்டு மண் மேட்டிலேயே கிடக்கும், பள்ளத்து மண் பள்ளத்திலேயே கிடக்கும். தண்ணீர் பாய்ச்சும்போது மேட்டுப் பயிர் வாடும், பள்ளத்துப் பயிர் அழுகும். மேட்டில் வெட்டிய மண்ணைப் பள்ளத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற கருவியைப் பற்றி இந்த வாரம்.

தென்னந்தோப்புக்கும் கரும்பு இடையுழவுக்கும் என்று 15 முதல் 28 எச்.பி. வரையிலான மினி டிராக்டர் வாங்கியவர்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கலப்பையும் ரோட்டவேட்டரும் வாங்கியாயிற்று. மழைக்கு அரித்துப்போன வண்டிப்பாதை, குண்டும் குழியுமான களம், மாட்டுக் கொட்டகைக்குப் போட வேண்டிய மண் மேடை, தோப்புக்குள் தண்ணீர் தேங்கும் மூலை ஆகியவை பாக்கி. ஒவ்வொன்றுக்கும் ஜே.சி.பி. கூப்பிட்டால் வாடகை கட்டுப்படியாகாது. மரங்களுக்கு நடுவே அது திரும்பவும் இடம் இருக்காது. அந்த இடத்தில் கை கொடுப்பது பாக்ஸ் பிளேடு. வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை அடி?” என்பதுதான். கேட்க வேண்டியது, “எத்தனை கிலோ?”

பெட்டியின் வேலை

நம் கடைகளில் அதிகம் கிடைப்பது டெரசர் பிளேடு எனப்படும் பின் பிளேடு. வளைந்த ஒற்றைத் தகடு. அதைச் சாய்த்து வைத்து ஓட்டினால் மண் ஒரு பக்கமாக ஒதுங்கும். வாய்க்கால் இழுக்கவும், பாதையோர மண்ணை ஒதுக்கவும் அது நல்லது. ஆனால் மேட்டில் வெட்டிய மண்ணை 50 அடி தள்ளி இருக்கும் பள்ளத்துக்கு அதனால் கொண்டுபோக முடியாது. வழியெல்லாம் இரு ஓரமும் சிந்திக்கொண்டே போகும்.

பாக்ஸ் பிளேடில் இரண்டு பக்கமும் கனத் தகடு உண்டு. நடுவே முன்னும் பின்னும் பார்த்தபடி இரண்டு வெட்டு விளிம்புகள். அவற்றுக்கு முன்னால் ஒரு குறுக்குச் சட்டத்தில் நான்கைந்து பற்கள். பற்கள் இறுகிய மண்ணைக் கிளறும், விளிம்பு வெட்டும், பக்கத் தகடுகள் சிந்தாமல் பிடித்துக்கொள்ளும். பள்ளம் வந்ததும் பெட்டியைச் சற்றே உயர்த்தினால் மண் கீழே விழுந்து பரவும்.

மண்ணைத் தள்ளாமல் சுமந்து செல்லும் இந்த யோசனை பழையது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஃபிரெஸ்னோ ஊரில், ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய ஜேம்ஸ் போர்ட்டியஸ் என்பவர் 1883-இல் குதிரைகள் இழுக்கும் மண் வாரிக்குக் காப்புரிமை பெற்றார். அந்தப் பகுதியின் பாசன வாய்க்கால்களையும் பிற்பாடு பனாமா கால்வாயையும் வெட்டியதில் அதற்குப் பங்கு உண்டு. வளைந்த தொட்டிக்குள் மண்ணை வாரி எடுத்து, வேண்டிய இடத்தில் கொட்டிப் பரப்பும் அதே வேலையைத்தான் இன்றைய பெட்டியும் சிறிய அளவில் செய்கிறது.

ஹைட்ராலிக் அமுக்காது

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். டிராக்டரின் பின்னால் இரண்டு லோயர் லிங்க், ஒரு டாப் லிங்க் என்று மூன்று இடத்தில் கருவியை மாட்டும் முறையை உருவாக்கியவர் அயர்லாந்துக்காரரான ஹாரி ஃபெர்குசன். 1939-இல் வந்த ஃபோர்டு 9என் டிராக்டர் அதை உலகெங்கும் பரப்பியது. 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களை இங்கே தயாரித்ததால், அந்தப் பெயர் நம் கிராமங்களுக்கும் பழக்கமானது.

ஃபெர்குசனின் எண்ணமெல்லாம் கலப்பை மேல் இருந்தது. கொழுவின் வடிவத்தால் கலப்பை தானே மண்ணுக்குள் இறங்கும். அதனால் ஹைட்ராலிக்குக்குத் தூக்குவதும் ஆழத்தைக் கட்டுப்படுத்துவதும் மட்டுமே வேலையாக இருந்தது. இன்றும் நம் டிராக்டர்களில் அப்படித்தான். லீவரைக் கீழே தள்ளினால் கருவி தன் கனத்தால் இறங்குகிறது. டிராக்டர் அதை அமுக்குவதில்லை.

பிளேடுக்குக் கொழு கிடையாது. தட்டையான விளிம்பு மண்ணுக்குள் இறங்க வேண்டுமானால் அதன் சொந்தக் கனம்தான் துணை. சித்திரை வெயிலில் இறுகிய செம்மண் மேல் இலேசான பெட்டியை இழுத்துப் பாருங்கள். மேலோடு வழுக்கிக்கொண்டு போகும், புழுதி மட்டும் கிளம்பும். என்ஜின் குதிரைத்திறனைக் கூட்டினாலும் இது மாறாது.

அகலம்: டேப் எடுத்து அளந்து பாருங்கள்

பின் டயர் இரண்டின் வெளி ஓரத்துக்கு வெளி ஓரம் அளந்துகொள்ளுங்கள். மினி டிராக்டர்களில் பெரும்பாலும் 3 முதல் 4 அடிக்குள் இருக்கும். பெட்டி அதைவிட இரு பக்கமும் இரண்டொரு அங்குலம் வெளியே இருந்தால் போதும். அதற்குக் குறைந்தால் டயர் பதிந்த தடம் அழியாது. வேலியோரமும் சுவரோரமும் வேலை நடக்காது.

அதற்கு மேல் அகலம் கூட்டினால் ஒரே கனம் அதிக நீளத்துக்குப் பகிர்ந்துபோகும். 150 கிலோ எடையுள்ள 5 அடிப் பெட்டியில் ஓர் அடி விளிம்புக்குக் கிடைப்பது 30 கிலோ. 180 கிலோ எடையுள்ள 4 அடிப் பெட்டியில் 45 கிலோ. இரண்டாவது பெட்டி மண்ணுக்குள் இறங்கும். முதலாவதை ஐந்து தடவை ஓட்டினாலும் அந்த வேலை முடியாது. டயர் தடத்தை மூடும் அளவுக்குக் குறைந்த அகலமும், டிராக்டர் தாங்கும் அளவுக்கு அதிக எடையும் இருப்பதே சரியான பெட்டி.

எடை: எதுவரை தாங்கும்?

நோட்டீஸில் 750 கிலோ தூக்கும் என்று போட்டிருக்கலாம். அது பெரும்பாலும் லோயர் லிங்க்கின் நுனியில் கணக்கிட்டது. நமக்கு முக்கியம் முன் சக்கரம்.

700 கிலோ எடையுள்ள ஒரு டிராக்டரை எடுத்துக்கொள்வோம். முன் அச்சில் 40 சதவீதம், அதாவது 280 கிலோ இருக்கிறது. இரு அச்சுக்கும் இடைவெளி ஒன்றரை மீட்டர். பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் 180 கிலோ பெட்டியைத் தூக்கினால் முன் அச்சிலிருந்து 120 கிலோ குறைந்துவிடும். மிச்சம் 160. மொத்த எடையான 880 கிலோவில் இது 18 சதவீதம். முன் அச்சில் ஐந்தில் ஒரு பங்காவது இருந்தால்தான் ஸ்டீயரிங் கேட்கும் என்பது பொதுவான கணக்கு. முன்னால் 40 கிலோ வெயிட் மாட்டினால் குறை தீர்ந்துவிடும்.

பெட்டி நிறைய மண் இருக்கும்போதோ கணக்கே வேறு. 4 அடிப் பெட்டிக்குள் 150 கிலோ மண் சாதாரணமாக இருக்கும். அது ஈரத்தில் அப்பிக்கொண்டு விழாமல் இருக்க, அதையும் சேர்த்து முழுதாகத் தூக்கினால் முன் அச்சிலிருந்து இன்னும் 100 கிலோ போகும். வாய்க்கால் கரையில், சரிவில் அந்த நிலையில் வண்டி முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். மண்ணைத் தரையோடு இழுத்துக்கொண்டு போக வேண்டும். தூக்குவது காலிப் பெட்டியை மட்டுமே.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். மாடு பூட்டிப் பரம்படித்த காலத்தில் பலகை மேல் ஆள் ஏறி நிற்பது வழக்கம். கனம் போதவில்லை என்று டிராக்டர் பெட்டியின் மேல் ஆளை, அதிலும் சிறுவர்களை, உட்கார வைக்கிறார்கள். ஒரு கல் தட்டினால் பெட்டி துள்ளும். விழுகிற ஆள் பற்களுக்கும் விளிம்புக்கும் நடுவே போவார். வேண்டவே வேண்டாம். கனம் போதாவிட்டால் பட்டறையில் சொல்லி மேலே ஒரு தட்டு வைத்து, இரும்புக் கட்டியைப் போல்ட் போட்டு முடுக்குங்கள்.

பட்டறையில் பார்க்க வேண்டியவை

மினி டிராக்டருக்கு ஆயத்தப் பெட்டி எல்லாக் கடையிலும் இருக்காது. ஊர்ப் பட்டறையில் செய்து வாங்குவதில் தவறில்லை. சிலவற்றைக் கையால் தொட்டுப் பார்த்து வாங்குங்கள்.

முதலில் வெட்டு விளிம்பு. தகட்டோடு வெல்டிங் செய்திருந்தால் தேய்ந்தபின் முழுப் பெட்டியும் பட்டறைக்குப் போக வேண்டும். போல்ட்டில் மாட்டிய, இரு ஓரமும் கூர்மையுள்ள பட்டை நல்லது. ஒரு பக்கம் தேய்ந்தால் கழற்றித் திருப்பி மாட்டலாம். போல்ட்டின் தலை தகட்டுக்குள் பதிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். துருத்திக்கொண்டிருந்தால் முதல் மாதத்திலேயே தேய்ந்து, கழற்ற முடியாமல் போய்விடும்.

அடுத்து பற்கள். ஒவ்வொரு பல்லிலும் மூன்று நான்கு துளைகள் இருக்க வேண்டும். பின்னை மாற்றிச் செருகி ஆழத்தைக் கூட்டவும் குறைக்கவும், வேண்டாதபோது மேலே ஏற்றி வைக்கவும் அதுதான் வழி. நுனி தனியாகக் கழன்று வந்தால் இன்னும் நல்லது.

மூன்றாவது, மாட்டும் இடம். மினி டிராக்டர்களுக்குரிய முதல் வகை இணைப்பில் லோயர் லிங்க் பின் 22 மி.மீ., டாப் லிங்க் பின் 19 மி.மீ. பெரிய டிராக்டருக்குச் செய்த இரண்டாம் வகைப் பெட்டியில் அது 28-ம் 25-ம். அந்தப் பின் உங்கள் லிங்க்கில் நுழையாது.

ஓட்டும் விதம்

டிராஃப்ட் லீவர் கலப்பைக்கு உரியது. பளு ஏறினால் அது தானாகவே கருவியைத் தூக்கிவிடும். பெட்டிக்கு பொசிஷன் லீவர்தான்.

டாப் லிங்க்தான் இந்தக் கருவியின் உயிர்நாடி. அதைச் சுருக்கினால் பெட்டி முன்னால் சாயும். பற்களும் முன் விளிம்பும் மண்ணைக் கடிக்கும். நீட்டினால் பின் விளிம்பு தாழ்ந்து, மண்ணைப் பரப்பி நீவிக்கொண்டே வரும். கிளறும்போது சுருக்கம், முடிக்கும்போது நீட்டம். ஒரு தடவைக்கு இரண்டு திருகு போதும்.

புதிதாக ஓட்டுபவர்களுக்குத் தரை அலை அலையாக வருவது உண்டு. முன் சக்கரம் மேட்டில் ஏறும்போது பின்னால் இருக்கும் பெட்டி தாழ்ந்து வெட்டும். பின் சக்கரம் ஏறும்போது பெட்டி உயர்ந்து மண்ணைக் கொட்டும். ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டினால் அலை பெரிதாகிக்கொண்டே போகும். லோ கியரில் மெதுவாக ஓட்டுங்கள். அடுத்த தடவை குறுக்காகவோ கோணலாகவோ போங்கள். பெட்டியில் பாதிக்கு மண் உருண்டுகொண்டே இருக்கட்டும். அந்தக் கனம் பெட்டியைத் துள்ளவிடாது.

ரிவர்ஸில் இளகிய மண்ணை மெல்ல ஒதுக்கலாம். இறுகிய மேட்டில் முட்டித் தள்ளினால், இழுப்பதற்காகச் செய்த லோயர் லிங்க் வளைந்துபோகும்.

மண்பாதைக்கு நடுவில் மேடு, இரு ஓரமும் சரிவு அவசியம். 3 மீட்டர் அகலப் பாதையில் நடு, ஓரத்தைவிட 6 செ.மீ. உயர்ந்திருந்தால் மழைநீர் நிற்காமல் வடியும். வலப்பக்க லிஃப்ட் ராடின் கைப்பிடியைத் திருகிப் பெட்டியைச் சாய்த்து, போகும்போது ஒரு பக்கமும் வரும்போது மறுபக்கமும் இழுத்தால் இந்தச் சரிவு கிடைக்கும்.

வேலைக்கு ஏற்ற பதத்தை மண்ணே சொல்லும். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையாக வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். கரிசலில் ஈரம் அதிகமானால் பெட்டிக்குள் அப்பிக்கொண்டு விழவே விழாது.

எங்கே வேண்டாம்

நெல் வயல் முழுவதையும் விரற்கடை வித்தியாசம் இல்லாமல் மட்டமாக்க வேண்டுமானால் அதற்கு லேசர் லெவலர்தான். பொதுவாக அதற்கு 50 எச்.பி. அளவுள்ள டிராக்டர் தேவை. வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகைச் சேவையில் உங்கள் மாவட்டத்தில் என்ன கருவி கிடைக்கிறது என்று கேளுங்கள். பெட்டியின் மட்டம் ஓட்டுபவரின் கண் மட்டம்தான்.

தென்னைக்கு அருகே பற்களை இறக்காதீர்கள். மரத்தைச் சுற்றி உரமிடும் 6 அடி ஆர வட்டத்துக்குள் தீனி எடுக்கும் வேர்கள் அடர்ந்திருக்கும். பயிர் நிலத்தில் அரை அடிக்கு மேல் வெட்ட வேண்டியிருந்தால் மேல்மண்ணை முதலில் ஓரமாகக் குவித்துவிட்டு, அடிமண்ணை மட்டமாக்கி, மேல்மண்ணைத் திரும்பப் பரப்புங்கள். பல வருடம் எரு போட்டுச் சேர்த்த வளத்தைப் பள்ளத்தில் புதைத்துவிட்டு, மேட்டில் வெறும் கட்டாந்தரையில் விதைத்துப் பயன் இல்லை.

வருடத்துக்கு ஓரிரு நாள்தான் வேலை என்றால் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பெட்டி வாங்குங்கள். நல்ல கனத்தில் செய்த பெட்டியில் கெட்டுப்போக கியரும் இல்லை, பெல்ட்டும் இல்லை. விளிம்பையும் பற்களையும் மாற்றிக்கொண்டே வந்தால் பிள்ளைகள் காலத்துக்கும் உழைக்கும். கூடக் கொடுக்கிற பணம் இரும்பின் கனத்துக்குப் போகட்டும்.

அடுத்த வாரம்: டிரெய்லர். மினி டிராக்டர் இழுக்கும் பளுவுக்கும், நிறுத்த முடிகிற பளுவுக்கும் உள்ள வித்தியாசம்.