ஈயக் குண்டை வீட்டிலேயே வார்த்தால் இலாபமா?

தூத்துக்குடியின் வடகோடியில் உள்ள திரேஸ்புரம் கடற்கரையில், நாட்டுப்படகுகளின் அருகே வலைகள் குவிந்து கிடப்பதைக் காணலாம். வலையின் மேல் விளிம்பில் மிதவைகள். கீழ் விளிம்பில் ஈயக் குண்டுகள். மிதவை மேலே இழுக்க, ஈயம் கீழே இழுக்க, வலை நீருக்குள் சுவர்போல் நிற்கிறது.

கல்லைக் கட்டினால் போதாதா? நீரில் மூழ்கிய பொருள், தான் விலக்கிய நீரின் எடையளவுக்குத் தன் எடையில் குறைகிறது என்பது ஆர்க்கிமிடிஸ் தத்துவம். ஈயம் நீரைப்போல் 11.3 மடங்கு அடர்த்தியானது. கருங்கல் சுமார் 2.7 மடங்கே. ஆகவே 1 கிலோ கல் கடலுக்குள் 620 கிராம் அளவுக்கே இழுக்கும். 1 கிலோ ஈயமோ 910 கிராம் அளவுக்கு இழுக்கும். ஈயம் மென்மையானது, எளிதில் உருகும், இரும்பைப்போல் துருப்பிடிப்பதும் இல்லை.

வலை கிழிந்தாலும் ஈயம் மிஞ்சுகிறது. அதை அடுப்பில் உருக்கி அச்சில் ஊற்றிக்கொண்டால், கடையில் குண்டு வாங்கும் செலவு மிச்சம்தானே? கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஈயம் 327 டிகிரி செல்சியசில் உருகுகிறது. 30 டிகிரியில் உள்ள 1 கிலோ ஈயத்தை அந்த நிலைக்குச் சூடாக்கச் சுமார் 38 கிலோஜூல் வெப்பமும், பின் உருக்க 23 கிலோஜூலும் தேவை. மொத்தம் 61. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 290 கிலோஜூலுக்கு மேல் வேண்டும்! அந்த வெப்பத்தைக் கொண்டு ஏறக்குறைய 5 கிலோ ஈயத்தை உருக்கிவிடலாம். எனவே எரிபொருள் செலவு அற்பமே.

ஆனால் பழைய ஈயம் இலவசம் அன்று. பழைய உலோகக் கடையில் அதற்கும் விலை உண்டு. புதுக் குண்டின் விலைக்கும் பழைய ஈயத்தின் விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் நமது சேமிப்பு. அதிலும் அச்சின் விலை, கசடாகக் கழியும் ஈயம், நம் உழைப்பு ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். சுட்ட தோட்டாவின் பித்தளை உறையில் மீண்டும் மருந்து நிரப்பிக்கொள்ளும் மேனாட்டுத் துப்பாக்கி வீரர்களின் கணக்கும் இதுவே. உறை மிஞ்சும், கருவிகளின் விலையை ஈடுகட்ட நிறையத் தோட்டாக்கள் சுட வேண்டும்.

இந்தக் கணக்கில் வராத செலவுகள் இரண்டு. முதலாவது ஈரம். கடல்நீர் காயாத குண்டு ஒன்று உருகிய ஈயத்தில் விழுந்தால், அதிலுள்ள நீர் நொடியில் ஆவியாகி 1,700 மடங்குக்கும் மேலாக விரிகிறது. கொதிக்கும் உலோகம் முகத்தில் தெறிக்கும்.

இரண்டாவது நஞ்சு. உருகிய ஈயத்தின்மேல் படரும் சாம்பல்நிற ஆடை ஈய ஆக்சைடு. அதை வழிக்கும்போது பறக்கும் தூசி தரையிலும், துணியிலும், சோற்றுப் பானையிலும் படிகிறது. உட்சென்ற ஈயத்தில், பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் நான்கைந்து மடங்கு கூடுதலாக ஏற்கிறது. அது மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. இந்த அளவுவரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே ஈயத்துக்கு இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு.

ஆப்பிரிக்காவில், செனகல் நாட்டின் தலைநகரான டாக்கரை அடுத்துத் தியாரோய் என்ற கடலோர ஊர் உள்ளது. அங்கே கொல்லர்கள் பல ஆண்டுகளாகப் பழைய மோட்டார் பாட்டரிகளை உடைத்து, அந்த ஈயத்தில் வலைக்குண்டுகள் வார்த்துவந்தனர். ஈயம் கலந்த மண்ணைப் பின்னர் மக்கள் வீடுகளுக்குக் கொண்டுசென்று சலித்தனர். 2007-2008இல் சில மாதங்களுக்குள் 18 குழந்தைகள் மாண்டனர்.

அப்படியானால் சிக்கனத்துக்கு வழியே இல்லையா? உண்டு. ஈயம் மென்மையானதல்லவா? பழைய வலையின் குண்டுகளை இடுக்கியால் பிரித்து, புது வலையின் கயிற்றில் மறுபடி நசுக்கிப் பொருத்தலாம். வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும். சிதைந்தவற்றை வியாபாரியிடம் கொடுத்துப் புதியன பெறலாம். எப்படியாயினும் சோறு பொங்கும் அடுப்பில் ஈயம் ஏறக்கூடாது. அதில் மிஞ்சும் சில ரூபாய்க்கு விலை கொடுப்பது அந்த வீட்டுக் குழந்தைதான்.