ஜித்ராவும் ஜெர்மனியில் பிறந்த பதக்கங்களும்



1941-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள், ஓயாத மழையினூடே ஜப்பானியப் படை மலாயாவின் ஜித்ராவுக்கு வடக்கே ஆசுன் பகுதியைத் தாக்கியபோது சிதறுண்ட பஞ்சாப் பட்டாளத்தைச் சேர்ந்த கேப்டன் மோகன் சிங், சில தினங்களில் அலோர் ஸ்டார் அருகே ஜப்பானியரிடம் சரணடைந்து, பின்னர் இந்திய தேசிய ராணுவத்தின் முதல் தளபதியானார் என்பது பிரசித்தமான சரித்திரம்.

மலாயாத் தோட்டத் தமிழர் பலர் சேர்ந்த அந்த ராணுவத்துக்கு 1943-இல் தலைமையேற்ற நேதாஜி, அதற்கு முந்திய ஆண்டு ஜெர்மனியில் வாசம் செய்தபோதே ஷேர்-இ-ஹிந்த், சர்தார்-இ-ஜங், வீர்-இ-ஹிந்த் முதலான ஆசாத் ஹிந்த் விருதுகளை ஸ்தாபித்தார் என்பதும், போர்முனையில் பெற்றவை ஜெர்மானிய சம்பிரதாயப்படி வாட்சின்னத்துடன் அமைந்தன என்பதும் அவ்வளவாக அறியப்படாதவை.

இத்தகைய பதக்கங்களைச் சேகரிப்போர் உலோகத்தை மாத்திரம் நம்புவதில்லை. உதாரணமாக, அக்காலத்து ஜெர்மானிய வீரப் பதக்கமான இரும்புச் சிலுவையில் பெற்றவர் பெயர் பொறிக்கப்படுவது வழக்கமன்று. பெயர், பதவி, படைப்பிரிவு, தேதி, அதிகாரியின் கையொப்பம், முத்திரை ஆகியவற்றைத் தாங்கிய விருதுப் பத்திரமே அதன் சாட்சி. போலிகள் மலிந்த இத்துறையில், பத்திரத்தைப் பிரிந்த பதக்கம் நாமமிழந்த உலோகத் துண்டேயாகும்.

ஆகவே, பாட்டனார் விட்டுச்சென்ற பதக்கம் உங்கள் இல்லத்துப் பெட்டியில் இருக்குமாயின், அதனடியில் மடிந்து கிடக்கும் பழுப்பேறிய காகிதத்தையும் பத்திரமாகப் பாதுகாப்பீர்களாக.