முடிவை மறைத்துவிட்டுப் படிக்கட்டும்!

காலையில் நூம்பல், வேலப்பன்சாவடி பக்கம் நின்று பாருங்கள். வெள்ளைக் கோட்டும் கையுமாக எத்தனை பிள்ளைகள்! உங்கள் மகளும் அவர்களில் ஒருத்தியா? நோட்ஸை உருப்போடுவதோடு நிறுத்தாமல், ஒரே ஒரு மூல ஆராய்ச்சிக் கட்டுரையை முழுசாகப் படிக்கச் சொல்லுங்கள்.

எதை என்கிறீர்களா? பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் வருகிற சேத்துப்பட்டில் பிறந்த கட்டுரையே இருக்கிறதே! காசநோய் என்றாலே சானடோரியம், ஓய்வு, சத்தான சாப்பாடு என்றிருந்த காலம். இதெல்லாம் இல்லாமல், நெரிசலான வீட்டிலேயே மருந்து சாப்பிட்டால் குணமாகுமா? வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு, 193 நோயாளிகளை வீடு, சானடோரியம் என இரண்டாகப் பிரித்து, ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்துப் பார்த்தது. 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் கட்டுரை வந்தது.

முடிவுரையை மறைத்துவிட்டு, அட்டவணையை மட்டும் காட்டுங்கள். கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86.

"அப்போ சானடோரியம்தானே ஒசத்தி?" என்பாள். விஷயமே இங்கேதான் இருக்கிறது. இத்தனை குறைவான பேரில் அந்த ஆறு சதவீதம் தற்செயலாகவும் வரலாமே? யாரை எங்கே அனுப்புவது என்பதை டாக்டர் இஷ்டத்துக்கு விடாமல், குலுக்கல் மாதிரி ஏன் பிரித்தார்கள்? நோயாளி வீட்டிலேயே இருந்தால் குழந்தைகளுக்குத் தொற்றாதா? (இதைத் தனியாகவே ஆராய்ந்தார்கள்.) கேள்விகள் அவளிடமிருந்தே வரட்டும், அவசரப்பட்டு பதில் சொல்லிவிடாதீர்கள். நாளைக்கு ஒரு புது மருந்தை, 'சூப்பர் ரிசல்ட்' என்று யாராவது அவளிடம் நீட்டும்போது இதே கேள்விகள்தான் நோயாளியைக் காப்பாற்றும்.

இங்கிலீஷ் மிரட்டினால், தோழிகள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு வாரம் ஒரு பக்கம் படிக்கட்டும். கட்டுரை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.