சிறிதாய்ப் பிறந்த குழந்தைகளும் வளர்ச்சி ஹார்மோனும்

ஒரு மருந்து பயன் தருகிறதா என்பதைச் சில மாதங்களில் அறிந்துவிடலாம். அது நாற்பது ஆண்டுகள் கழித்துத் தீங்கு செய்யுமா என்பதை அறிய நாற்பது ஆண்டுகள் காத்திருக்கத்தான் வேண்டும். குழந்தைகளுக்குப் பல ஆண்டுகள் நாள்தோறும் ஊசி மூலம் செலுத்தப்படும் வளர்ச்சி ஹார்மோன் இத்தகைய மருந்துகளுள் ஒன்று.

யாருக்கு இம்மருந்து?

கருவில் இருந்த காலத்திற்கு ஏற்ற எடையோ நீளமோ இன்றிச் சில குழந்தைகள் பிறக்கின்றன. குறைமாதப் பிறப்பு வேறு, இது வேறு. பத்து மாதம் நிறைந்து பிறந்த குழந்தையும் இவ்வாறு சிறிதாய் இருக்கலாம். ஒரே கருக்காலத்தில் பிறந்த 100 குழந்தைகளை எடை வரிசையில் நிறுத்தினால், கடைசியில் வரும் இரண்டு மூன்று குழந்தைகளை மருத்துவர்கள் இவ்வகையில் சேர்க்கின்றனர். தாயின் இரத்த அழுத்தம், நஞ்சுக்கொடியின் குறைபாடு, ஊட்டக் குறைவு, புகைபிடித்தல் எனக் காரணங்கள் பல.

இவர்களுள் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் இரண்டு வயதுக்குள் தாமாகவே வளர்ந்து, ஒத்த வயதினரை எட்டிப் பிடித்துவிடுகின்றனர். எஞ்சிய ஒருவர் குட்டையாகவே நின்றுவிடுகிறார். இத்தகைய குழந்தைகளுக்கு வளர்ச்சி ஹார்மோன் அளிக்க 2001-ல் அமெரிக்காவும் 2003-ல் ஐரோப்பாவும் இசைவு தந்தன.

மூளையின் அடியில் பட்டாணி அளவில் அமைந்துள்ள பிட்யூட்டரி சுரப்பி இந்த ஹார்மோனைச் சுரக்கிறது. இது ஈரலைத் தூண்டி, இன்சுலினைப் போன்ற மற்றொரு வளர்ச்சிப் பொருளை உண்டாக்கச் செய்கிறது. இரண்டும் சேர்ந்து எலும்பு முனைகளிலுள்ள குருத்தெலும்பைப் பெருகச் செய்கின்றன. எலும்பு நீள்கிறது, குழந்தை உயர்கிறது.

1985-ன் பாடம்

1958-ல் அமெரிக்க மருத்துவர் மாரிஸ் ராபன், இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்து பிரித்தெடுத்த ஹார்மோனை ஒரு சிறுவனுக்குச் செலுத்தி, அவன் வளர்ந்ததை அறிவித்தார். அதன்பின் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் இம்மருந்தைப் பெற்றனர். இதற்காகப் பல பிணங்களின் சுரப்பிகள் ஒன்றாகக் கலக்கப்பட்டன. அங்கேதான் ஆபத்து ஒளிந்திருந்தது.

1985-ல், இம்மருந்து பெற்ற இளைஞர் சிலர் க்ராய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோய் என்னும் கொடிய மூளை நோயால் இறந்தது தெரியவந்தது. உருத்திரிந்த ஒரு புரதமே அந்நோயைப் பரப்புகிறது. அப்புரதம் உடலில் புகுந்து முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் நோய் தலைகாட்டக்கூடும். பிரான்சில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இவ்வாறு மாண்டனர்.

அமெரிக்கா அவ்வாண்டே பழைய மருந்தை நிறுத்தியது. மனித ஜீனைப் பாக்டீரியாவில் புகுத்தி ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிய ஹார்மோன் அதே ஆண்டில் விற்பனைக்கு இசைவு பெற்றது. பிணத்தின் சுரப்பி இதற்குத் தேவையில்லை. ஆகவே அந்த நோய்க்கு இடமில்லை. எனினும் வேறோர் ஐயம் எஞ்சியது. செல்களைப் பெருகச் செய்யும் பொருள் புற்றுநோய்க்கு வழிகோலாதா? இன்சுலினின் வேலையைத் தளர்த்தும் பொருள் பிற்காலத்தில் நீரிழிவைத் தராதா?

யாரோடு ஒப்பிடுவது?

பிரான்சில் 1985-க்கும் 1996-க்கும் இடையே புதிய ஹார்மோன் சிகிச்சையைத் தொடங்கிய ஏறத்தாழ 7,000 பேரை ஆராய்ந்தனர். அவர்களுள் சிறிதாய்ப் பிறந்தோரும் இருந்தனர். வேறு காரணங்களால் குட்டையானோரும் இருந்தனர். பொதுமக்களின் கணக்குப்படி 70 பேர் இறந்திருக்கலாம் என எதிர்பார்த்தார்கள். இறந்தவர்களோ 93 பேர். 2010 இறுதியில் இச்செய்தி வெளிவந்ததும் பெற்றோர் பலர் கலங்கினர்.

ஆனால், இங்கே ஒரு கேள்வியை நாம் கேட்டாக வேண்டும். சிறிதாய்ப் பிறந்தவரைப் பொதுமக்களோடு ஒப்பிடலாமா? பிறவியிலேயே அவர் வேறுபட்டவர். இங்கிலாந்தின் ஹர்ட்ஃபோர்ட்ஷயர் பகுதியின் பழைய பிறப்புப் பதிவேடுகளை ஆராய்ந்த டேவிட் பார்க்கர், குறைந்த எடையோடு பிறந்தவர்கள் இதய நோயால் இறப்பது மிகுதி என்று 1989-ல் காட்டினார். அவர்கள் இந்த ஊசியைக் கண்டதே இல்லை!

சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் இக்கேள்விக்கு விடை தேடினர். சிகிச்சை பெற்ற 3,847 பேரில் 21 பேர் இறந்திருந்தனர். பொதுமக்களின் கணக்குப்படி எதிர்பார்த்தது ஏறத்தாழ 15. ஆனால் பிறப்பெடை, நீளம், கருக்காலம், பிறவிக் குறை ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோது எதிர்பார்த்த எண்ணிக்கை ஏறத்தாழ 22 ஆயிற்று. மிகுதி மறைந்துவிட்டது! மருந்தின்மேல் சுமத்தப்பட்ட பழி பெரும்பாலும் பிறப்பின் தன்மையைச் சேர்ந்தது என்பதே இதன் பொருள்.

எட்டு ஐரோப்பிய நாடுகளில் 24,232 பேரைத் தொடர்ந்த பெரிய ஆய்வின் முடிவு 2020-ல் வந்தது. சிறிதாய்ப் பிறந்தோரிடையே இறப்பு பொதுமக்களைவிட ஒன்றரை மடங்காக இருந்தது. இந்த மிகுதிக்குப் பிரான்சின் கணக்கே முக்கிய காரணம். ஆனால் மருந்தின் அளவு கூடக் கூட இறப்பும் கூடவில்லை. மருந்தே நஞ்சாக இருந்தால் அளவுக்கேற்பத் தீங்கும் வளர்ந்திருக்க வேண்டுமல்லவா?

நெதர்லாந்தில் சிகிச்சை முடிந்து 12 ஆண்டுகளுக்குப் பின், ஏறத்தாழ 30 வயதில் ஆராயப்பட்டவர்களின் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கொழுப்பும், சிறிதாய்ப் பிறந்தும் மருந்து பெறாதவர்களுடையதைவிட மோசமாக இல்லை.

காவல் தொடர வேண்டும்

இதனால் ஐயம் முழுதும் தீர்ந்தது எனலாமா? கூடாது. 1985-ல் புதிய மருந்தை முதலில் பெற்ற சிறுவர்கள் இப்போதுதான் ஐம்பது வயதை ஒட்டி நிற்கின்றனர். இதய நோயும் புற்றுநோயும் பெரும்பாலும் அதற்குப் பின்னரே வருகின்றன. ஆகவே இச்சிகிச்சை நடக்கும்போது சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றை அவ்வப்போது சோதிப்பதும், முடிந்த பின்னரும் அவர்களைப் பதிவேட்டில் தொடர்வதும் இன்றியமையாதவை.

சிறிதாய்ப் பிறந்த குழந்தைக்கு முதலில் வேண்டியது ஊசி அன்று, அளவுகோல். உயரத்தையும் எடையையும் முறையாகக் குறித்து வந்தால், தானாக வளரும் ஒன்பது பேரையும் உதவி தேவைப்படும் ஒருவரையும் பிரித்தறியலாம்.