எந்தக் கடையில் மலிவு?
கட்டம் போட்டால் தெரிந்துவிடும்!

"தெருமுனைக் கடையில்தான் விலை குறைவு" என்கிறார், மாடி வீட்டு அம்மாள்.

"இல்லவே இல்லை. சந்தைக் கடையில்தான் மலிவு" என்கிறார், கீழ் வீட்டு அம்மாள்.

யார் சொல்வது சரி? இருவர் சொல்வதும் சரிதான்! அது எப்படி?

மாடி வீட்டுக்கு மாதம் 10 கிலோ அரிசி, 1 கிலோ துவரம் பருப்பு, 1 லிட்டர் கடலை எண்ணெய் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கீழ் வீட்டுக்கு 5 கிலோ அரிசி, 3 கிலோ பருப்பு, 2 லிட்டர் எண்ணெய். இதைக் கட்டமாக எழுதுவோம். மேல் வரிசை மாடி வீடு.

10   1   1
5   3   2

அடுத்து, விலைக் கட்டம். மேலிருந்து கீழே அரிசி, பருப்பு, எண்ணெய். இடது பக்கம் தெருமுனைக் கடை. வலது பக்கம் சந்தைக் கடை.

50   56
160   140
200   190

இதன் பெயர் "அணி"

எண்களை இப்படி அடுக்கினால், அதற்கு "அணி" என்று பெயர். பத்தாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் சொல்லும்.

இரண்டு அணிகளையும் பெருக்க வேண்டும். முதல் கட்டத்தைக் குறுக்கே படியுங்கள். விலைக் கட்டத்தை மேலிருந்து கீழே படியுங்கள். 10-ஐ 50-ஆல் பெருக்கினால் 500. பிறகு 1-ஐ 160-ஆல் பெருக்கினால் 160. 1-ஐ 200-ஆல் பெருக்கினால் 200. மூன்றையும் கூட்டுங்கள். 860 ரூபாய்! மாடி வீட்டுக்குத் தெருமுனைக் கடையில் ஆகும் செலவு இது. மற்றவற்றையும் இப்படியே போட்டால்,

860   890
1,130   1,080

மாடி வீட்டுக்குத் தெருமுனைக் கடையில் 30 ரூபாய் மிச்சம். கீழ் வீட்டுக்குச் சந்தைக் கடையில் 50 ரூபாய் மிச்சம். (ஆட்டோவில் போனால் அது போய்விடும்!)

ஒன்றில் கவனம் வேண்டும். இரண்டு கட்டத்திலும் சாமான்கள் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். அரிசிக்கு நேரே எண்ணெய் விலை வந்துவிட்டால், கணக்கு தலைகீழ்தான்.

வக்கீல் வகுத்த கணக்கு

இங்கிலாந்து நாட்டு ஆர்தர் கெய்லி, அணிகளைக் கூட்டவும் பெருக்கவும் விதிகளை வகுத்து, 1858-ல் கட்டுரை வெளியிட்டார். அப்போது அவர் லண்டனில் வக்கீல்!

புதிதாக ஒரு குடித்தனம் வந்தால், முதல் கட்டத்தில் இன்னொரு வரிசை. புதிதாக ஒரு கடை திறந்தால், விலைக் கட்டத்தில் மேலிருந்து கீழாக இன்னொரு வரிசை. அவ்வளவுதான்.

விலைக் கட்டத்தை இன்னொரு முறை பாருங்கள். அரிசி தெருமுனையில் மலிவு. பருப்பும் எண்ணெயும் சந்தையில் மலிவு. இரண்டு வீட்டுக்கும் அரிசியை மாடி வீட்டு அம்மாள் வாங்கட்டும். மற்றவற்றைக் கீழ் வீட்டு அம்மாள் வாங்கட்டும். மாடி வீட்டுக்கு 830 ரூபாய்தான் ஆகும். கீழ் வீட்டுக்கு 1,050.